பழைய கார் ஏன் அதிகம் குடிக்கிறது? மைலேஜ் எங்கே போகிறது, எதைச் சரிசெய்தால் திரும்ப வரும்

"பழைய வண்டி, அப்படித்தான் குடிக்கும்." கார் மைலேஜ் தருவதில்லை என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் இதுதான். அதன் பின்னாலேயே அறிவுரைகளும் வரும்: பிளக்கை மாத்து, ஏர் ஃபில்டரை மாத்து, விலை கூடின பெட்ரோல் போடு, இறக்கத்தில் நியூட்ரல் போட்டு விடு, டேங்க்கில் ஊற்ற ஒரு மருந்து இருக்கிறது, வாங்கு. இவற்றில் சில உண்மை. சில ஒரு காலத்தில் உண்மையாக இருந்தவை. சில எந்தக் காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை. எது எந்த வகை என்று தெரியாமல் ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தால், மிச்சமாகும் பெட்ரோலைவிட அதற்கான செலவு அதிகமாகிவிடும். பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் காசை எண்ணிச் செலவழிப்பவர்கள் என்பதால் இது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

வயதானால் கார் அதிகம் குடித்துத்தான் ஆக வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது. ஒழுங்காகப் பராமரித்த எஞ்சின், பல வருடங்கள் ஓடிய பிறகும் புதிதில் தந்த மைலேஜுக்குப் பக்கத்திலேயே நிற்கும். நன்றாகக் குறைந்திருந்தால், ஏதோ ஓர் இடத்தில் பெட்ரோல் வண்டியை நகர்த்தாமல் வீணாகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் குறைந்த செலவில் நம்மால் முடிந்த வேலை.

## முதலில் அளக்க வேண்டும்

மைலேஜ் என்பது ஒரு லிட்டர் எரிபொருளில் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்ற கணக்கு. "இப்பல்லாம் சீக்கிரம் தீர்ந்துபோகுது" என்பது கணக்கல்ல. டேங்க் முள்ளைப் பார்த்து முடிவு செய்வதும் சரிவராது; அந்த முள் பல கார்களில் மேல்பாதியில் மெதுவாகவும் கீழ்ப்பாதியில் வேகமாகவும் இறங்கும்.

நம்பத் தகுந்த முறை ஒன்றுதான். டேங்க்கை நிரப்புங்கள். பம்ப் தானாக முதல்முறை நின்றதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் திணிக்க வேண்டாம். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஓட்டி, டேங்க் பாதிக்குக் கீழே வந்ததும் மறுபடி அதேபோல நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை, இப்போது ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். பம்ப் ஒவ்வொரு முறையும் சற்று முன்னே பின்னே நிற்கும் என்பதால் தொடர்ந்து மூன்று டேங்க்குக்காவது இதைச் செய்து சராசரி எடுங்கள். கம்பெனி போட்ட டயரின் அளவை மாற்றியிருந்தால் கிலோமீட்டர் மீட்டரே தப்பாகக் காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த எண்ணைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தரும் கார் 10 தர ஆரம்பித்தால், 1,000 கிலோமீட்டருக்கு 125 லிட்டர் செலவான இடத்தில் 100 லிட்டர் போதும். மிச்சம் 25 லிட்டர். 16 தரும் கார் 20 தர ஆரம்பித்தால், அதே தூரத்துக்கு 62.5 லிட்டர் 50 ஆகிறது, மிச்சம் 12.5 லிட்டர்தான். ஏறியது 4 கிலோமீட்டர், மிஞ்சியது பாதி. மைலேஜ் மோசமாக இருக்கும் காரில்தான் சின்ன முன்னேற்றமும் அதிகக் காசை மிச்சப்படுத்தும். பழைய காருக்காக மெனக்கெடுவது வீண் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

## சைக்கிள் மிதித்தவருக்குத் தெரிந்த விஷயம்

பெட்ரோலின் ஆற்றல் எங்கெல்லாம் போகிறது என்று புரிந்துகொள்ள சைக்கிளைவிட நல்ல உதாரணம் கிடையாது. டயரில் காற்று குறைந்தால் மிதிக்கக் கனக்கும். எதிர்க்காற்று அடித்தால் மூச்சு வாங்கும். பிரேக் கட்டை ரிம்மில் உரசினால் யாரோ பின்னாலிருந்து இழுப்பது போலிருக்கும். வேகம் பிடித்த பிறகு பிரேக் அடித்து நின்றுவிட்டால், பட்ட பாடெல்லாம் போய் மறுபடி முதலிலிருந்து மிதிக்க வேண்டும். இவ்வளவும் போக, மிதிப்பவரின் உடம்பு சூடாகி வேர்க்கிறது. சாப்பிட்டதில் பெரும்பகுதி சூடாகவே போகிறது, கொஞ்சம்தான் பெடலுக்கு வருகிறது.

காருக்கும் நடப்பது இதேதான். சைக்கிளில் எல்லாமே காலில் தெரிந்துவிடும். காரில் நம் பாதத்துக்கும் சாலைக்கும் நடுவே எஞ்சின் இருக்கிறது. பிரேக் உரசினாலும் டயர் தளர்ந்தாலும் அது சத்தமில்லாமல் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை எரித்து ஈடுகட்டிவிடும். நமக்குத் தெரிவது பெட்ரோல் போடும்போதுதான்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றல் மின்சாரக் கணக்கில் கிட்டத்தட்ட 9 யூனிட். பழைய பெட்ரோல் எஞ்சின் அன்றாட ஓட்டத்தில் அதில் கால்பங்கு அளவைத்தான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாற்றுகிறது, ஊருக்குள் ஓடும்போது அதையும்விடக் குறைவு. மீதியில் பெரும்பங்கு ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாக வெளியேறுகிறது. இது எஞ்சினின் பிறவிக் குணம், நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இதிலிருந்து தெரிவது முக்கியமானது: சக்கரத்தின் பக்கம் நாம் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் டேங்க்கில் நான்கு யூனிட் அளவு மிஞ்சும்.

சுருக்கமாக, வீணாவது இரண்டு இடங்களில். ஒன்று, எஞ்சினுக்குள் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. இன்னொன்று, எரிந்து கிடைத்த சக்தியை டயரும் பிரேக்கும் காற்றும் சுமையும் நம் கால் பழக்கமும் தின்பது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

## எஞ்சினுக்குள்: காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம்

பெட்ரோல் தனியாக எரியாது, காற்று வேண்டும். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றை எஞ்சின் உள்ளே இழுக்கிறது. இதைவிடக் காற்று குறைந்து பெட்ரோல் கூடினால் அந்தக் கலவையை 'ரிச்' என்பார்கள். அதிகப்படியாக வந்த பெட்ரோல் எரியாமலும் அரைகுறையாக எரிந்தும் சைலன்சர் வழியே போய்விடும். பழைய காரில் மைலேஜ் சடாரென்று விழுந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த ரிச் கலவையைத்தான். சைலன்சர் முனையின் உள்பக்கம் உலர்ந்த கரி கனமாகப் படிந்திருப்பது, கறுப்புப் புகை, வண்டி நிற்கும்போது அடிக்கும் பெட்ரோல் வாடை எல்லாம் அதன் அடையாளங்கள்.

கலவையைச் செய்வது இரண்டு வகை. மிகப் பழைய கார்களில் கார்புரேட்டர் இருக்கும்; உள்ளே ஓடும் காற்று, சின்னத் துளை வழியே பெட்ரோலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அதற்குப் பின் வந்தவை இன்ஜெக்‌ஷன் கார்கள். அவற்றில் ஒரு சின்னக் கணினி, எவ்வளவு காற்று வருகிறது என்று அளந்து அதற்கேற்ற பெட்ரோலைப் பீய்ச்சும். அந்தக் கணினிக்கு இசியூ என்று பெயர். உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் பாதி அறிவுரைகள் ஒரு வகைக்கு மட்டுமே பொருந்தும்.

ஏர் ஃபில்டர் நல்ல உதாரணம். கார்புரேட்டர் காரில் ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், கலவை ரிச் ஆகும், மைலேஜ் விழும். அந்தக் காலத்தில் "ஃபில்டரை மாத்து" என்று சொன்னது முழு உண்மை. இன்ஜெக்‌ஷன் காரில் காற்று குறைந்தால் இசியூ அதைக் கண்டுகொண்டு பெட்ரோலையும் குறைத்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் சோதித்துப் பார்த்ததும் இதையே காட்டியது: நவீன காரில் ஃபில்டர் அடைத்தால் பிக்கப் குறைகிறது, மைலேஜில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அதற்காக அழுக்கு ஃபில்டரை அப்படியே விட வேண்டாம், எஞ்சினுக்கு அது கெடுதல்தான். மைலேஜ் ஏறும் என்று எதிர்பார்த்து மட்டும் மாற்றாதீர்கள்.

இன்ஜெக்‌ஷன் காரில் உண்மையில் கவனிக்க வேண்டியது ஆக்ஸிஜன் சென்சார். எரிந்து முடிந்த புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து இசியூவுக்குச் சொல்லும் சின்ன உறுப்பு இது. சைலன்சர் குழாயில், எஞ்சினுக்குப் பக்கத்தில் திருகியிருக்கும். வயதாக ஆக இது மந்தமாகும். தப்பான தகவல் போனால் இசியூ பெட்ரோலை அள்ளி ஊற்றும். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, கெட்டுப்போன ஆக்ஸிஜன் சென்சார் போன்ற பெரிய கோளாறைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரைகூட முன்னேறலாம். மீட்டர் போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டே இருக்க, "வண்டி ஓடுதே, பரவாயில்லை" என்று பலர் ஓட்டுகிறார்கள். பல கார்களில் அந்த விளக்கு சொல்ல வருவது இதைத்தான். ஸ்கேனரைச் செருகி என்ன கோளாறு என்று படித்துப் பார்ப்பது, சந்தேகத்தில் பாகங்களை மாற்றிக்கொண்டே போவதைவிட எப்போதும் மலிவு.

## சூடேறாத எஞ்சின்

எஞ்சின் அதிகம் சூடாவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறோம். போதுமான சூடு ஏறாமல் ஓடுவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, மைலேஜைத் தின்பதோ அதுதான்.

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்கள் வேண்டுமென்றே ரிச் கலவையே போகும். ரேடியேட்டர் தண்ணீர் சுமார் 90 டிகிரி செல்சியஸை எட்டியதும் கலவை வழக்கமான அளவுக்கு வரும். அந்தச் சூட்டைக் காப்பது தெர்மோஸ்டாட் என்ற வால்வு. எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைத்து, பிறகு திறக்கும். இது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் எஞ்சின் சூடேற வெகுநேரம் ஆகும், கார் எந்நேரமும் காலையில் எடுத்த வண்டி போலவே பெட்ரோல் குடிக்கும். "ஹீட் ஆகுது" என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி ஓரம் வைத்துவிட்ட பழைய கார்களும் உண்டு. அடைத்த ரேடியேட்டரைச் சரிசெய்யாமல் செய்த அந்தக் குறுக்குவழிக்கு ஒவ்வொரு டேங்க்கிலும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

கண்டுபிடிப்பது எளிது. வெப்ப முள்ளைப் பாருங்கள். பத்து, பதினைந்து நிமிடம் ஓடிய பிறகும் நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தாலோ, நெரிசலில் நடுவுக்கு வந்து, காலியான சாலையில் வேகம் பிடித்ததும் சரசரவென்று இறங்கினாலோ தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். சூட்டை அளக்கும் சென்சார் பழுதானாலும் இசியூ எஞ்சின் குளிர்ந்திருப்பதாக நினைத்துப் பெட்ரோலைக் கூட்டும். இரண்டுமே பெரும்பாலான கார்களில் சின்ன விலைப் பாகங்கள்.

குட்டிக் குட்டிப் பயணங்களில் மைலேஜ் மோசமாக இருப்பதற்கும் இதே காரணம்தான். எஞ்சின் சூடேறுவதற்குள் இறங்கவேண்டிய இடம் வந்துவிடும். நான்கு வேலைகளை நான்கு முறை வண்டி எடுத்துச் செய்யாமல் ஒரே சுற்றில் முடித்தால், செலவே இல்லாமல் மிச்சம்.

## பிளக் சொல்லும் கதை

கலவையைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். முனையில் இரண்டு உலோக நுனிகள் இருக்கும், நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி. பொறி பறப்பது அந்த இடைவெளியில். ஓட ஓட நுனி தேய்ந்து இடைவெளி கூடும். பொறி வலுவிழந்து சில தடவை பற்றவே பற்றாது. பற்றாத ஒவ்வொரு தடவையும் அந்தச் சிலிண்டருக்குள், அதாவது கலவை எரியும் அறைக்குள், வந்த பெட்ரோல் முழுக்க வீண்.

பிளக்கைக் கழற்றும்போது தூக்கி எறிந்துவிடாமல், எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று வரிசை மாறாமல் வைத்துப் பாருங்கள். நுனியைச் சுற்றிய பீங்கான் லேசான பழுப்பு நிறத்தில் இருந்தால் எரிவது ஒழுங்காக இருக்கிறது. விரலில் ஒட்டும் உலர்ந்த கறுப்புக் கரியானால் ரிச் கலவை. ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே கசிகிறது. மூன்று பிளக் பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் கறுத்திருந்தால், கோளாறு அந்த ஒரு சிலிண்டரில் மட்டும்: அதன் வயர், பொறிக்கு மின்சாரம் தரும் காயில், அல்லது பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். நான்கும் கறுத்திருந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். நல்ல மெக்கானிக் பிளக்கைப் பார்த்தே பாதி வைத்தியத்தைச் சொல்லிவிடுவது இதனால்தான். பிளக் நன்றாக இருக்கும்போது விலை உயர்ந்த வேறு பிளக் போட்டால் மைலேஜ் ஏறாது. பற்றுகிற கலவை பற்றத்தான் போகிறது.

எஞ்சின் ஆயிலில் ஒன்றே ஒன்று: கார் புத்தகத்தில் சொன்ன கிரேடையே ஊற்றுங்கள். பழைய எஞ்சின் என்று தேவையில்லாமல் கெட்டியான ஆயிலை ஊற்றினால் உள்ளே உராய்வு கூடி 1, 2 சதவீதம் மைலேஜ் குறையும்.

## சக்கரத்தின் பக்கம்: டயரும் பிரேக்கும்

டயர் உருளும்போது தரையைத் தொடும் பகுதி நசுங்கி, மறுபடி எழும்புகிறது. ரப்பர் இப்படி வளைந்து நிமிரும்போதெல்லாம் கொஞ்சம் ஆற்றல் சூடாக மாறுகிறது. இதற்கு உருளல் தடை என்று பெயர். காற்று குறைந்த டயர் அதிகம் நசுங்கும், அதிகம் தின்னும். காற்றழுத்தத்தை அளப்பது பிஎஸ்ஐ என்ற அலகில். நான்கு டயரிலும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். கேட்க ஒன்றுமில்லாதது போலிருக்கும். ஆனால் நல்ல டயரே மாதத்துக்கு ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ தானாக இழக்கும். ஆறு மாதம் கவனிக்காத வண்டியில் அது 1 சதவீதத்தைத் தாண்டும், டயர் ஓரம் தேய்வது தனிக்கணக்கு.

எவ்வளவு காற்று அடிப்பது என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ, கார் புத்தகத்திலோ இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடித்தால் பிடிப்பு குறைந்து பிரேக் அடிக்கும்போது வழுக்கும். மைலேஜுக்காக அந்த ஆபத்தை வாங்க வேண்டாம். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அளப்பதுதான் சரியான அளவு.

பிரேக் உரசலை நான் தனியாக வலியுறுத்துவேன். பழைய கார்களில் அடிக்கடி நேர்வது, யாரும் தேடிப் பார்க்காதது. டிஸ்க் பிரேக்கில், பெடலை விட்டதும் பிரேக் பேடு டிஸ்க்கிலிருந்து மயிரிழை விலக வேண்டும். அது வழுக்கி நகரும் ஊசிகளில் கிரீஸ் காய்ந்து துரு ஏறினால் பேடு விலகாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். கைப்பிரேக் கேபிளை அதிகம் இறுக்கி வைத்தாலும் பின்சக்கரங்களில் இதே கதை.

சோதிக்கக் காசே வேண்டாம். பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில், தொடாமல், உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். இடது முன்சக்கரமும் வலது முன்சக்கரமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், பின்னால் உள்ளவையும் அப்படியே. ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்தபடி ஓடுகிறது. சமதளத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், நியூட்ரலில் காரைக் கையால் தள்ளினால் எளிதில் நகர வேண்டும் என்பது இன்னொரு அடையாளம். ஊசிகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் போடுவது பெரிய வேலையல்ல. பிரேக் விஷயம் என்பதால் அனுபவமுள்ளவர் கையில்தான் விட வேண்டும்.

டயரின் மேற்பரப்பில் கையை ஓட்டினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால் வீல் அலைன்மென்ட் போயிருக்கிறது. சக்கரங்கள் நேராக உருளாமல் சாய்வாக இழுபட்டுப் போகின்றன. அதற்கு ஆகும் செலவைப் புது டயரின் செலவோடு ஒப்பிட்டால் தயங்கத் தோன்றாது.

இதுவரை பார்த்ததில் வண்டியின் கோளாறுகள் முடிந்தன: கலவை, சூடு, பொறி, டயர், பிரேக். இனி வருவதற்கு ஸ்பேனரே தேவையில்லை.

## கால் பழக்கம்

1,000 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தை எட்ட, உராய்வுகளைத் தவிர்த்து வேகத்துக்கு மட்டும், சுமார் 15 முதல் 20 மில்லிலிட்டர் பெட்ரோல் செலவாகிறது. பிரேக்கை மிதித்து நிறுத்தும்போது அந்த ஆற்றல் முழுவதும் பிரேக் டிஸ்க்கின் சூடாக மாறிக் காற்றில் போய்விடும். அப்படி ஐம்பது, அறுபது முறை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் காலி. முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்த பிறகும் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே போய், கடைசியில் பிரேக் அடிப்பது இந்தப் பெட்ரோலைத் தெரிந்தே எரிப்பதாகும். தூரத்திலேயே காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக வேகம் குறைய விட்டால், பல நேரம் முழுதாக நிற்பதற்குள் வழி விட்டிருக்கும்.

காலை எடுக்கும்போது கியரிலேயே இருங்கள். இன்ஜெக்‌ஷன் காரில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்தால் இசியூ பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றிக்கொள்ளும். நியூட்ரலுக்கு மாற்றினால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் மறுபடி ஓட ஆரம்பிக்கும். இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்று அது மிச்சமும் தராது, எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கைச் சூடாக்கி உயிருக்கும் ஆபத்தாகும். மிகப் பழைய கார்புரேட்டர் காரிலும் அந்த ஆபத்து அப்படியே இருப்பதால் நான் அதற்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

"ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டு" என்ற அறிவுரையையும் கொஞ்சம் திருத்த வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்று போகும் வழியில் ஒரு தகடு இருக்கிறது, த்ராட்டில் என்பார்கள். நாம் லேசாக மிதித்தால் அது லேசாகவே திறக்கும். அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்றை இழுக்க எஞ்சின் தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும். சின்ன கியரில், அதிகச் சுழற்சியில், காலை லேசாக வைத்து ஓட்டுவது இந்த இழப்பைக் கூட்டும். மிதமாக மிதித்து, சீக்கிரம் அடுத்தடுத்த கியருக்குப் போய், பெரிய கியரில் சீராக ஓட்டுவது குறைக்கும். எஞ்சின் உதறினால், முனகினால் மட்டும் ஒரு கியர் குறையுங்கள். அந்த நிலையில் பிடிவாதமாக ஓட்டுவது எஞ்சினுக்குக் கெடுதல்.

நின்ற இடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் எஞ்சின் அளவைப் பொறுத்து மணிக்கு 1 முதல் 2 லிட்டர் வரை போகும், நகர்ந்த தூரம் பூஜ்யம். யாருக்காவது காத்திருக்கும்போது அணைத்துவிடுங்கள். பேட்டரி பலவீனமாக இருக்கும் பழைய வண்டியை நெரிசலில் மட்டும் அணைக்க வேண்டாம்.

## வேகம், சுமை, ஏசி

நெடுஞ்சாலையில் பெட்ரோலை அதிகம் தின்பது காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 80-லிருந்து 110 கிலோமீட்டருக்குப் போனால் வேகம் கூடுவது 37.5 சதவீதம், காற்றுத் தடை கூடுவதோ கிட்டத்தட்ட 90 சதவீதம். எந்த ஸ்பேர் பார்ட்ஸும் தராத மைலேஜை, காலைக் கொஞ்சம் தூக்குவது தரும். கூரையில் கேரியர் இருந்தால், தேவைப்படாத நாளில் கழற்றி வையுங்கள். காலியாக இருந்தாலும் அது காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் வரும். டிக்கியில் மாதக்கணக்காகக் கிடக்கும் 45 கிலோ சுமை சுமார் 1 சதவீதம்.

ஏசி கம்ப்ரஸரைச் சுழற்றுவதும் எஞ்சின்தான். கடும் வெயிலில், குறுகிய பயணத்தில், அது மைலேஜில் கால்பங்குக்கு மேல்கூடத் தின்னும். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கதவுகளைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள். மெதுவாக ஓடும்போது கண்ணாடியை இறக்கிவிடுவது மிச்சம். நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த கண்ணாடி காற்றுத் தடையைக் கூட்டும் என்பதால் ஏசியே மேல்.

## காசைக் கரைக்கும் நம்பிக்கைகள்

விலை கூடிய பெட்ரோல் முதலாவது. ஆக்டேன் எண் என்பது, பொறி வருவதற்கு முன்பே அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. அதில் ஆற்றல் கூடுதலாக இருக்கிறது என்று பொருள் இல்லை. சாதாரணப் பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சினில் உயர் ஆக்டேன் ஊற்றினால் விலைதான் கூடும்.

காலையில் போட்டால் பெட்ரோல் அடர்த்தியாக வரும் என்பார்கள். பங்க்கின் தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது. அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், தண்ணீரிலிருந்து வாயு தயாரித்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி போன்றவற்றைப் பற்றி மட்டும் எனக்குக் கோபம் உண்டு, ஏமாறுபவர்கள் மிச்சம்பிடிக்க நினைக்கும் எளியவர்கள். காந்தத்தால் பெட்ரோல் எரியும் விதம் மாறாது. தண்ணீரைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தர வேண்டும். ஆல்டர்னேட்டரை எஞ்சின் சுழற்ற வேண்டும். அதற்குப் பெட்ரோல் எரிய வேண்டும். ஒவ்வொரு படியிலும் இழப்பு இருப்பதால், திரும்பி வருவது கொடுத்ததைவிட எப்போதும் குறைவு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட 100-க்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. மைலேஜைக் கணிசமாக உயர்த்தியது என்று ஒன்றும் தேறவில்லை.

## எதற்கு முதலில் செலவழிப்பது

காசில்லாத வேலைகளை முதலில் முடியுங்கள்: அளப்பது, டயரில் காற்று, டிக்கியைக் காலி செய்வது, சக்கரச் சூட்டைப் பார்ப்பது, வெப்ப முள்ளைக் கவனிப்பது, கால் பழக்கம். அதற்குப் பிறகு மூன்று டேங்க் ஓட்டி மறுபடி அளந்துவிட்டுத்தான் பாகங்களின் பக்கம் போக வேண்டும். பாகங்களையும் ஒவ்வொன்றாக மாற்றி, இடையில் அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமலே போகும்.

எந்தச் செலவையும் லிட்டராக மாற்றிப் பார்ப்பது நல்லது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் கார், 10 தந்த இடத்தில் 11 தந்தால் மாதம் சுமார் 9 லிட்டர் மிச்சம். ஒரு பாகமும் கூலியும் சேர்ந்து 30 லிட்டர் பெட்ரோலின் விலை என்றால் நான்காவது மாதத்திலேயே போட்ட காசு வந்துவிடும், தாராளமாகச் செய்யலாம். எஞ்சினைப் பிரித்துச் செய்யும் வேலைக்கு 500 லிட்டரின் விலை கேட்டால், அதே 9 லிட்டர் கணக்கில் நாலரை வருடம் ஆகும். அந்த அளவு வேலைக்கு இறங்கும் முன் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் கலவையை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது என்று கருவி வைத்துப் பார்க்கும் சின்னச் சோதனை அது. நான்கு சிலிண்டரும் கார் புத்தகத்தில் சொன்ன அளவில், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. இன்னும் தேட வேண்டிய கோளாறு வெளியில்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்திருந்தால், வால்வா, பிஸ்டன் ரிங்கா, கேஸ்கெட்டா என்று மெக்கானிக் சொன்ன பிறகு, இந்தக் காரை இன்னும் எத்தனை வருடம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதையும் அந்த லிட்டர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவு செய்யுங்கள்.